மனைவி ற்பனைக்கு

தம்பிக்கு அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நீயும் உன் கூட்டாளிகளும் வைக்கப்போகிற கலைக் கண்காட்சியில், அடி அண்ணாமலையில் நம் வீட்டை ஒட்டிய நிலத்து வேலியோரம் உன் அப்பா எழுதி நட்டு வைத்த அந்தத் தகர போர்டையும் மாட்டலாமா என்று கேட்டாய். "அப்பாகிட்ட நீயே கேட்டுச் சொல்லும்மா, எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். ஊரையே கிண்டல் பண்ணிச் சுவர் சுவராக எழுதுகிற பிள்ளைக்கு, வீட்டில் இருக்கிற ஒரு மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணிச்சல் இல்லை. நல்லா இருக்குடா உன் வீரம். தை மாதம் உனக்குக் கல்யாணம். கண்காட்சி அதற்கு முந்தின மாதம். கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமனார் ஆகப்போகிறவர் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து பார்ப்பதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அந்தத் தகரத்தின் முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால், பக்கத்தில் நிற்கிற உன் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை. ஊர் சிரித்ததை அந்த மனுஷன் ஒருமுறை தாங்கிக்கொண்டார். சம்பந்தி முன்னால் இன்னொரு முறை தாங்குவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் போனில் "பாக்கலாம்" என்று மழுப்பிவிட்டு, இப்போது இவ்வளவு நீளத்துக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வேலை அம்மாவுக்குப் புரியாது என்று உனக்கு ஒரு நினைப்பு. மாவட்டம் பிரிந்த புதிதில் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்ததிலிருந்து நான் எழுத்தோடுதான் குடித்தனம் பண்ணுகிறேன். பிழை கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் "சூடாக கிடைக்கும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் வாங்கி நானே நடுவில் ஒரு 'க்' போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "ஒரு புள்ளி எழுத்து கம்மியா இருந்தா டீ ஆறிடுமாம்மா?" என்று கேட்டார். நீ வெட்கப்பட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். ஜெராக்ஸ் கடை, மாவு மில், கல்யாணப் பத்திரிகை, பக்கத்து வீட்டுக் காதுகுத்து நோட்டீஸ் எதையும் நான் விட்டதில்லை. நான் திருத்தித் திருத்தி வந்த எழுத்தை, நீ வேண்டுமென்றே கெடுத்துக்கெடுத்து எழுத ஆரம்பித்தாய். என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படி ஒரு புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

டவுனில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் "செருப்பை இங்கே விடவும்" என்று ஒரு பலகை இருக்கும். நீ பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அதே அளவில், அதே எழுத்தில் ஓர் அட்டை எழுதிக்கொண்டு போய், "சிரிப்பை இங்கே விடவும்" என்று பக்கத்திலேயே மாட்டிவிட்டு வந்தாய். நான் உன்னைத் திட்டி, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போனால், காய்ச்சலில் துவண்டு போய் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை அதைப் படித்துவிட்டுக் களுக்கென்று சிரிக்கிறாள். டாக்டரும் "இருக்கட்டும்மா, நல்லாத்தான இருக்குது" என்றுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அதே யோசனை. சிரிப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வா என்கிறாயா, இங்கே நின்று வாய்விட்டுச் சிரி என்கிறாயா? உன்னிடமே கேட்டேன். "ரெண்டுந்தாம்மா" என்றாய். அது எப்படிடா, ஒரே சொல் இரண்டு பக்கமும் பார்க்கும்? நானும் எத்தனையோ ஆயிரம் தடவை "விடவும்" என்று தட்டியிருக்கிறேன், எனக்கு அது ஒரு பக்கம்தான் பார்த்தது. அன்றிலிருந்துதான் நீ எழுதுவதை நான் இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தேன்.

பிறகு நீ சென்னைக்குப் படிக்கப் போய், லீவுக்கு வந்தபோதெல்லாம் நம் வேலியில் துணி கட்டி எழுதினாய். ஒரு பௌர்ணமிக்கு "கிரிவளம்" என்று எழுதித் தொங்கவிட்டாய். மலையைச் சுற்ற வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. இளநீர்க்காரர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இன்னா தம்பி, சென்னைல போயி படிச்சிட்டு வந்து இந்த 'ள'வா போடுவ? வலத்துக்கு அந்த 'ல' இல்ல வரும்?" என்றார். நீ சிரிக்காமல், "இன்னிக்கி எத்தினி காய் போச்சுண்ணா?" என்று கேட்டாய். "அது ஜாஸ்திதான், சாயங்காலத்துக்குள்ள ரெண்டு லோடு" என்றார். "அப்ப சரியாத்தான்ணா எழுதிக்கீறேன்" என்றாய். அவர் கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துவிட்டு, "அடப் படுபாவி!" என்று உன் முதுகில் ஒன்று வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் இன்னொன்று எழுதினாயே, அது எனக்குச் சிரிப்பாக இல்லை. நமக்கு மேற்கே இருந்த நிலமெல்லாம் வெள்ளைக் கல் நட்டு மனையாகப் போனபோது, "உங்கள் வீட்டு மாடியிலிருந்தே மலை தரிசனம்" என்று பெரிய போர்டு வைத்தார்கள். நீ அதற்கு நேர் எதிரே, நம் பக்கத்து வேலியில், "தரிசனம்" என்று ஒரு வரியும் அதன் கீழே "தரிசானோம்" என்று ஒரு வரியும் எழுதிக் கட்டினாய். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. நான் முதலில் எழுத்து விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். பிறகு அதை "தரிசு ஆனோம்" என்று பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நிலங்களில் வேர்க்கடலை போட்டவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒருத்தர் இப்போது அதே மனைக்கு வாட்ச்மேனாக இருக்கிறார். அவர் உன் துணியைப் படித்துவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, நீ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய்.

உன்னைப் பார்த்து நானும் ஒருநாள் ஆசைப்பட்டேன் என்றால் நம்புவாயா? மத்தியானம், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பழைய தாள் ஒன்றை மெஷினில் சொருகி, "மனு வந்தது. மனுசன் வந்தான். மனு உள்ளே போனது. மனுசன் வெளியே நின்றான்" என்று தட்டினேன். தட்டிவிட்டுப் பார்த்தால் எனக்கே ஒரே குஷி. அட, நமக்கும் வருதே என்று நினைத்துக்கொண்டு, தாளை மெஷினிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், வாசலில் காத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உள்ளே வந்து, மெஷின் மேல் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் பதறிப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "யம்மா, இது என்னுதுங்களா?" என்று கேட்டார். தன் மனுவுக்குப் பதில் தயாராகிவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம். "இல்லீங்க ஐயா, உங்களுது இன்னும் வரல" என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன். உண்மையில் அது அவருடையதுதான், முழுக்க முழுக்க அவருடையதுதான். தாளை உருவி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் எனக்கு மனசு சரியில்லை.

இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த அல்ல. எழுத்தைப் புரட்டிப் போட உனக்கு வருகிறது, அது எல்லாருக்கும் வராது, தாராளமாகச் செய். மாட்டுவதற்கு முன்னால் மட்டும், யார் வந்து "இது என்னுதா" என்று கேட்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசி. கேட்கிறவரிடம் "ஆமாங்க, உங்களுதுதான்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் மாட்டு. முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் நாள் வைத்திருந்து பார். உன் அப்பாவின் தகர போர்டு விஷயத்தில் என்னால் முடிவுக்கு வர முடியாமல் இருப்பதும் இதனால்தான்.

அந்த போர்டின் கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். அப்போது நீ அரைக்கால் சட்டை போட்ட பையன். கிணறு வற்றிப் போய், அடுத்தடுத்துப் போட்ட கடலையும் காய்ந்துவிட்டது. அந்த நிலம் என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. உன் அப்பா அதை விற்றுவிட்டு வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டலாம், நான் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகவேண்டாம் என்று சொன்னார். எனக்காகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. நான் "உங்க இஷ்டம்" என்றேன். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இதைக் கேட்டுக்கொள். பெண்டாட்டி "உங்க இஷ்டம்" என்று சொன்னால், அதில் அவளுக்கு இஷ்டம் என்கிற பேச்சே இல்லை. அதுவும் உன் எழுத்து மாதிரித்தான், இரண்டு தடவை படிக்கவேண்டும். உன் அப்பா ஒரு தடவை படித்தாரா, இரண்டு தடவை படித்தாரா என்பதைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புரோக்கர் வந்து, "நிலம்னு எழுதாதீங்கண்ணா, மனைன்னு எழுதுங்க, வெல ஜாஸ்தி வரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். உன் அப்பா எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசியதுபோக மிச்சம் இருந்த நீலப் பெயிண்ட்டை எடுத்து எழுதினார். தகரம் அகலம் கம்மி. பெரிய பெரிய எழுத்தாக 'மனை' என்று எழுதினார். பக்கத்தில் இன்னும் ஓர் எழுத்துக்கு இடம் இருந்தது, அதை வீணாக்க மனசு வரவில்லையோ என்னவோ, 'வி'யையும் அங்கேயே போட்டுவிட்டார். மீதியை அடுத்த வரியில் எழுதினார். மேலே "மனைவி". கீழே "ற்பனைக்கு". அதற்கும் கீழே "உரிமையாளரை அணுகவும்". எழுதி முடித்து, காயக்கூட விடாமல், பௌர்ணமிக் கூட்டம் பார்க்கட்டும் என்று பாதையோரம் நட்டுவிட்டார்.

நான் அலுவலகம் விட்டு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சாயங்காலம். நம் வேலி முன்னால் கூட்டம் கூடி நிற்கிறது, ஒரே சிரிப்பு. யாரோ பாம்பு அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அங்கே வெளியூர்ப் பொம்பளை ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன் அப்பாவைக் கேட்கிறாள், "யப்பா, பொண்டாட்டிய விக்கிறியே, பாத்திரம் பண்டத்தோட சேத்தா, தனியா?" உன் அப்பா கையில் பிரஷ்ஷோடு ஒன்றும் புரியாமல் போர்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான் போர்டைப் படித்தேன். 'ற்' என்ற எழுத்தில் தமிழில் ஒரு சொல்லும் தொடங்காது என்று சொல்லிக்கொடுத்துத்தான் எனக்கு டைப் பழக்கினார்கள், அது கம்பீரமாக வரியின் முதலில் நிற்கிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னா வெலைக்குச் சொல்லிக்கீறீங்க?" என்று அவரையே கேட்டேன். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர், "இன்னும் யாரும் கேக்கல" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பு மலைக்கே கேட்டிருக்கும். நான் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் வரை அவரோடு பேசவில்லை.

நீதான் கடைசிவரை அங்கேயே நின்றாய். முதலில் எல்லாரையும்விட ஜாஸ்தி சிரித்தவன் நீ. பிறகு உள்ளே வந்து என்னிடம், "ஏம்மா, அப்பா ஒரு எழுத்துகூட தப்பா எழுதலயே, அப்புறம் ஏன் தப்பா இருக்குது?" என்று கேட்டாய். கோபத்தில் உன்னையும் திட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. இன்றைக்கு நீ செய்கிற வேலை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான். புரோக்கர் அடுத்த வாரமே வந்து, "முதல்ல இத மாத்துங்கண்ணா, பார்ட்டிய கூட்டினு வந்தா சிரிச்சிட்டு போயிடுறான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். உன் அப்பா, "பெயிண்ட்டு தீந்துபோச்சுப்பா" என்றார். அப்புறம் வந்தபோதும் அதே பதில். புரோக்கர் தானே பெயிண்ட் வாங்கி வருவதாகச் சொன்னதற்கு, "நான் பாத்துக்கறேன் உடு" என்றுவிட்டார். மறு பொங்கல் வந்தது, புதுசாக நீலப் பெயிண்ட் வாங்கினார், கொம்புக்குப் பூசினார், டின்னை மூடிப் பரணில் வைத்துவிட்டார். போர்டு அப்படியே நின்றது. புரோக்கர் வருவதை நிறுத்திவிட்டார். மழை வந்தது, கிணறு ஊறியது, மறுபடியும் கடலை போட்டோம். போர்டினால்தான் நிலம் நின்றது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா? தெரிந்தே எழுதியிருந்தால் அன்றைக்கு அந்த முகம் அப்படிக் கறுத்திருக்குமா? பல நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லையே. தெரியாமல் எழுதியிருந்தால் அவர் ஏன் மாற்றவில்லை? நேராகக் கேட்டுவிட வாய்வரைக்கும் வரும். தெரியாமல் எழுதியது என்று சொல்லிவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று பயந்து, கேட்காமலே விட்டேன்.

இன்றைக்குக் காலையில் கேட்டேன். நிலத்தில் பிடுங்கிப் போட்ட கடலைச் செடியை மடியில் வைத்துக்கொண்டு காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடியை எடுத்துக்கொண்டேன். "தம்பி அந்தத் தகரத்த சென்னைல மாட்டணுமாம். சம்பந்தி வீட்டுக்காரங்களும் வந்து பாப்பாங்க. உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்தா வேணான்னு சொல்லிடுங்க, அவன் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டான்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மாட்டிட்டு, கீழ யாரு பேரு போடுவான்?" என்று கேட்டார்.

"அவன் பேருதான். அவன்தான ஆர்ட்டிஸ்ட்டு."

"எழுதுனது நானு. என் பேரு இல்லாம மாட்னான்னா நடக்கற கதையே வேறன்னு சொல்லு."

எனக்குக் கையில் இருந்த செடி நழுவிவிட்டது. சிரிப்பும் வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது. இனிமேலும் அடக்க முடியாது என்று, "அப்படின்னா தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஊர்ல ஒருத்தன் போர்ட உட்டு வைக்க மாட்ட. இது நம்ம வாசல்ல அத்தினி வருசம் நின்னுது. காலைல போற, சாயந்தரம் வர, தெனமும் படிக்கிற. நீ ஏன் திருத்தல?"

நழுவின செடியை நான் மறுபடியும் எடுத்துக்கொண்டேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த செடியை எடுத்துக்கொண்டார். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை குறைவு.

அதனால் போர்டைத் தாராளமாக மாட்டு. சம்பந்தி வரட்டும், ஊரே வரட்டும். கீழே பெயர் எழுதும்போது, எழுதியவர் என்று உன் அப்பா பெயரைப் போடு. திருத்தாமல் விட்டவர் என்று என் பெயரைப் போடு.

அம்மா